ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, ஆனால் மனத்தில் பதிந்தது தவறான படம்: ஆண்டறிக்கையின் மொழியை எப்படி வாசிப்பது?

கேள்வி: சிறுபங்காளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிறுவனத்தின் பங்குகளைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கணக்கியல் படித்தவனல்லன். ஆயினும் ஆண்டறிக்கை வந்தவுடன் தலைவர் உரையையும் நிர்வாகத்தின் விளக்கவுரையையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிடுவது என் வழக்கம். இவ்வாண்டும் அப்படி வாசித்து முடித்தபோது, கடினமான ஓராண்டைத் திறமையாகக் கடந்து நிறுவனம் முன்னேறிக்கொண்டிருக்கிறது என்னும் நிறைவே எனக்கு ஏற்பட்டது. ஒரு வாரம் கழித்து வேறொரு காரணத்துக்காக இலாப நட்டக் கணக்கைப் புரட்டியபோதுதான், நிகர இலாபம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதையும் கடன் கூடியிருப்பதையும் கண்டேன்.

பொய் சொல்லிவிட்டார்கள் என்ற கோபத்தோடு மறுபடியும் அறிக்கையை எடுத்து, வாக்கியம் வாக்கியமாகச் சோதித்தேன். ஒரு பொய்கூட அகப்படவில்லை. 'விற்பனை வருவாய் இதுவரை இல்லாத உயரத்தை எட்டியது' என்றிருந்தது. அது உண்மை, விலையை உயர்த்தியதால் எட்டியது. 'சரிசெய்யப்பட்ட இலாபம் 9 விழுக்காடு உயர்ந்தது' என்றிருந்தது. எதை எதைச் சரிசெய்தார்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருந்ததால் அதையும் பொய் என்று சொல்வதற்கில்லை. நிகர இலாபம் குறைந்த செய்தியும் இல்லாமலில்லை. மூலப்பொருள் விலை, வட்டி விகிதம், நாணய மாற்று விகிதம் ஆகிய மூன்றையும் விவரிக்கும் நீண்ட வாக்கியம் ஒன்றின் நடுவில் அது இருந்தது. நான்தான் அதைக் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

என் ஐயங்கள் இரண்டு. உண்மைகளை மட்டுமே கோத்து ஒருவரின் மனத்தில் தவறான படத்தை உருவாக்குவது எப்படி இயலுகிறது? என்னைப் போன்ற ஒரு சாதாரண வாசகன் அதை அடையாளம் காண எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: பேரேடு

நண்பரே, நீண்ட காலம் தணிக்கைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பலரும் அறியாத ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஆண்டறிக்கை என்பது ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட இரண்டு வேறு ஆவணங்கள். பின்பாதியில் உள்ள நிதி அறிக்கைகளுக்கும் அவற்றின் குறிப்புகளுக்கும்தான் தணிக்கையாளர் கருத்துரை வழங்குகிறார். முன்பாதியில் உள்ள தலைவர் உரை, விளக்கவுரை, வரைபடங்கள், சிறப்பம்சப் பக்கம் ஆகியவற்றைப் பொறுத்தவரை, பன்னாட்டுத் தணிக்கைத் தரமான ஐஎஸ்ஏ 720 அவரிடம் கேட்பது, அவற்றை வாசித்துப் பார்த்து, நிதி அறிக்கைகளோடோ தணிக்கையில் தாம் அறிந்தவற்றோடோ பெரிய அளவில் முரண்படுகின்றனவா என்று கருதுவதைத்தான். முரண்பாடு இல்லையென்றால் அவர் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நற்செய்தியைப் பெரிதாக்கிக் கெட்ட செய்தியைச் சிறிதாக்குவது முரண்பாடு ஆகாது. நீங்கள் முழுமையாக வாசித்தது, கட்டுப்பாடு குறைந்த பாதியை.

அந்தப் பாதியில் மிகவும் வலிமையான சொல் எது என்று என்னைக் கேட்டால், 'சரிசெய்யப்பட்ட' என்பதையே சொல்வேன். இலாபம் என்னும் பெயருக்கு முன்னால் இந்த அடைமொழி வந்துவிட்டால், எந்தச் செலவைக் கணக்கில் கொள்வது, எதை விடுவது என்பதை நிர்வாகமே முடிவுசெய்கிறது என்று பொருள். 2011இல், இணையவழித் தள்ளுபடிச் சீட்டுகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான குரூப்பான் பங்குச் சந்தைக்கு வர விண்ணப்பித்தபோது, இணைய விளம்பரச் செலவை நீக்கிவிட்டுக் கணக்கிட்ட ஓர் இலாப அளவையை முன்னிறுத்தியது. அந்த அளவையின்படி 2010ஆம் ஆண்டில் அதற்குச் சுமார் 6 கோடி டாலர் இலாபம். வழக்கமான கணக்கியல் விதிகளின்படி அதே ஆண்டில் அதன் செயல்பாட்டு நட்டம் சுமார் 42 கோடி டாலர். வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்காகச் செலவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், அந்தச் செலவை ஒதுக்கிவைத்துவிட்டு இலாபம் என்றது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி எழுப்பியபின் அந்த அளவை விண்ணப்பத்திலிருந்து அகற்றப்பட்டது.

இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு ஒன்றை நான் இளையவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போதெல்லாம் சொல்லிவந்தேன். 2001 அக்டோபர் 16 அன்று அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் வெளியிட்ட காலாண்டுச் செய்தியின் தலைப்பு, பங்கு ஒன்றுக்கு 43 சென்ட் 'தொடர் இலாபம்' ஈட்டியதாகத் தொடங்கியது. அதன்பிறகே, 101 கோடி டாலர் 'மீண்டும் நிகழாத' செலவுகள் இருப்பதாகத் தலைப்பின் அடுத்த வரி சொன்னது. இரண்டையும் சேர்த்தால் அக்காலாண்டில் அந்நிறுவனத்துக்கு 61.8 கோடி டாலர் நிகர நட்டம். பங்குதாரர் மூலதனத்தில் ஏற்பட்ட 120 கோடி டாலர் குறைப்பு அச்செய்தியில் இடம்பெறவே இல்லை. 'மீண்டும் நிகழாத' என்ற சொல் முதலீட்டாளர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்று அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனமே அறிவுறுத்தியிருந்தும் அச்சொல் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் பாதுகாப்புக் கோரியது. ஓர் அடைமொழியை வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ஆகவே, உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு என் விடை எளியது. கையிலிருக்கும் அறிக்கையோடு முந்தைய நான்கைந்து ஆண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, 'ஒருமுறைச் செலவு', 'சிறப்பு இனங்கள்', 'மறுசீரமைப்புச் செலவு' என்ற பெயர்களில் ஒதுக்கப்பட்ட தொகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஒருமுறைச் செலவு என்ற பெயர் பொருந்தாது. அடுத்ததாக, செயல்பாடுகளிலிருந்து கிடைத்த ரொக்கத்தைப் பணப்பாய்வு அறிக்கையில் பார்த்து, அதைச் சரிசெய்யப்பட்ட இலாபத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பல ஆண்டுகளாக விலகியே நடந்தால், அந்த இலாபம் தாளில்தான் இருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு.

விதிகளும் மெல்ல மாறிவருகின்றன. இத்தகைய அளவைகளை வெளியிடும்போது வழக்கமான இலாபத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 2003 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதலும் நெறிமுறைகள் உள்ளன. பன்னாட்டுக் கணக்கியல் தர வாரியம் 2024இல் வெளியிட்ட ஐஎஃப்ஆர்எஸ் 18 என்னும் கணக்கியல் தரம், 2027 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு நடைமுறைக்கு வருகிறது. நிர்வாகம் தானே வகுத்துக்கொண்ட இலாப அளவைகளை நிதி அறிக்கையின் குறிப்புகளுக்குள் கொண்டுவந்து, எப்படிக் கணக்கிட்டோம், ஏன் மாற்றினோம் என்று விளக்க வேண்டும் என அது கட்டளையிடுகிறது. குறிப்புக்குள் வந்துவிட்டால் அது தணிக்கைக்கும் உட்படும். என் பணிக்காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

பதில் 2: வரைவுமேசை

பேரேடு ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வாக்கியம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இத்தகைய அறிக்கைகளை வரைவதும் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. ஆகவே மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நம் மொழியில் வினைமுற்று யார் செய்தார் என்பதைக் காட்டிவிடும். 'விரிவுபடுத்தினோம்', 'சாதித்தோம்', 'வென்றோம்' என்று எழுதும்போது இறுதியில் நிற்கும் விகுதியே பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இப்போது உங்கள் அறிக்கையில் கெட்ட செய்தி சொல்லும் வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் பாருங்கள். 'இழப்பு ஏற்பட்டது', 'சரிவு காணப்பட்டது', 'தாக்கம் உணரப்பட்டது', 'தாமதம் நேர்ந்தது' என்றிருக்கும். இழப்பு தானாகவே வந்து ஏற்படுகிறது; சரிவை யாரோ காண்கிறார்கள்; தாக்கத்தை யாரோ உணர்கிறார்கள். 'நாங்கள்' அங்கே இல்லை. ஒரே பத்தியில் வளர்ச்சி தன்மைப் பன்மையிலும் வீழ்ச்சி அஃறிணை ஒருமையிலும் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பத்தியை எழுதியவர்கள் எதை விரும்பினார்கள் என்பது தெரிந்துவிடும். இலக்கணம் அறிந்த எந்த வாசகரும் கணக்கியல் படிக்காமலேயே இதைச் செய்யலாம்.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்காக நான் எழுதிக்கொடுத்த முதல் வரைவில், 'இரண்டாவது ஆலையை முன்கூட்டியே திறந்தது எங்கள் கணிப்பின் பிழை. அதன் பாதித் திறன் பயன்படாமல் இருக்கிறது' என்று இருந்தது. ஆலைப் பொறுப்பாளர் அவ்வாறே சொல்லியிருந்தார். வரைவு நிதிப் பிரிவுக்குச் சென்றபோது 'பாதித் திறன்' என்னும் எண் போய், 'எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பயன்பாடு' என்று ஆனது. சட்டப் பிரிவில் 'பிழை' நீங்கியது. முதலீட்டாளர் தொடர்புப் பிரிவில் 'குறைந்த' நீங்கியது. அச்சுக்குப் போகும்போது, 'இரண்டாவது ஆலையின் திறன் பயன்பாடு படிப்படியாக மேம்பட்டுவருகிறது' என்று முடிந்திருந்தது. கைவைத்த ஒருவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தொல்லை தரக்கூடிய ஒரு சொல்லை மட்டும் எடுத்தார்கள். ஆயினும் இறுதியில் நின்ற வாக்கியம், ஆலையைப் பற்றி ஒரு பங்குதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எதையும் சொல்லவில்லை. அதில் என் கையும் இருந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே சிறுபங்காளர் அவர்களே, மழுப்பலான வாக்கியம் எல்லாம் மோசடியின் அடையாளம் என்று கொள்ளவேண்டாம். சில மழுப்பல்கள் சட்டத்தின் விளைவு. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1995இல் நிறைவேறிய ஒரு சட்டம், வருங்காலம் பற்றிய கூற்றுகளோடு தகுந்த எச்சரிக்கைகளையும் சேர்த்தே வெளியிடும் நிறுவனங்களுக்கு வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. அதன்பின் 'எதிர்பார்க்கிறோம்', 'கருதுகிறோம்' என்னும் சொற்களும் பக்கம் பக்கமாக எச்சரிக்கைகளும் பெருகியதில் வியப்பில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எழுதும் அந்தப் பகுதிகளில் பொருள் தேடிப் பயனில்லை. ஒரு நிறுவனம் மட்டும் தனக்கென எழுதிய எச்சரிக்கை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். செய்தி அங்கேதான் இருக்கும்.

ஒப்பீட்டின் அடிப்படையையும் விட்டுவிடாதீர்கள். 'கடந்த ஆண்டைவிட' என்று தொடங்கும் அறிக்கை, நடுவில் 'மூன்றாண்டுச் சராசரியைவிட' என்றும், பிறகு 'எங்கள் திட்டமதிப்பைவிட' என்றும் மாறினால், ஒவ்வோர் இடத்திலும் எந்த அளவுகோல் சாதகமாக இருந்ததோ அதை எடுத்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம்.

பதில் 3: சொல்லெண்ணி

இத்துறையில் நடந்த ஆய்வுகளைப் பற்றிச் சற்று எழுதுகிறேன். வரைவுமேசை அவர்கள் இலக்கணத்தின் வழியே கண்டதை ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பெட்மன், வைட்ஸ் என்னும் இருவர் 1972, 1974 ஆகிய ஆண்டுகளின் பங்குதாரர் மடல்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சாதகமற்ற விளைவுகளுக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் புறக்காரணங்களையே காட்டின. நன்மைக்கு நாங்கள், தீமைக்குச் சூழல் என்னும் இந்தப் பாங்கு பின்னர் வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. நன்றாக நடந்த நிறுவனங்களும் நலிந்த நிறுவனங்களும் இதில் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்று பிரிட்டன் நிறுவனங்களைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் உண்டு, அதையும் அறிந்துகொள்ளுங்கள். சலான்சிக், மைண்டல் என்போர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நிலையற்ற வருவாய் கொண்ட நிறுவனங்களின் தலைவர்கள் கெட்ட விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பேற்பதாக எழுதியிருந்ததைக் கண்டார்கள். பொறுப்பேற்பது எப்போதும் நேர்மையின் குறி அன்று. நிலைமை எங்கள் பிடியில்தான் இருக்கிறது என்று காட்டிக்கொள்வதற்கும் அது பயன்படலாம் என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஆகவே 'தவறு எங்களுடையது' என்ற வாக்கியத்தைக் கண்டவுடன் மனம் இளகிவிட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு என்ன எண்ணும் என்ன காலக்கெடுவும் சொல்லப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கிளை, வாசிப்பின் கடினத்தை அளப்பது. 2008இல் ஃபெங் லி என்னும் ஆய்வாளர், அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டு அறிக்கைகளைக் கணினியால் அளந்து, இலாபம் குறைந்த நிறுவனங்களின் அறிக்கைகள் வாசிக்கக் கடினமாகவும் நீளமாகவும் இருந்தன என்று காட்டினார். நீங்கள் சொன்ன அந்த நீண்ட வாக்கியத்துக்கு இது மிகவும் நெருக்கமான கண்டுபிடிப்பு. ஆனால் வாசிப்பின் கடினத்தை அளக்க அவர் பயன்படுத்திய மூடுபனிக் குறியீடு, ராபர்ட் கன்னிங் 1952இல் உருவாக்கியது. ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், மூன்றோ அதற்கு மேலோ அசைகள் கொண்ட சொற்கள் நூற்றுக்கு எத்தனை என்ற இரண்டையும் கூட்டி 0.4ஆல் பெருக்குவது அதன் முறை. நிறுவனத்தைக் குறிக்கும் 'கம்பெனி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே மூன்று அசைகள் உள்ளன. அது யாருக்கும் கடினமான சொல்லன்று. ஒட்டுநிலை மொழியாகிய தமிழிலோ 'எதிர்கொள்ளவேண்டியிருந்தது' என்பது ஒரே சொல்லாகிவிடும். அக்குறியீட்டை நம் மொழிக்கு அப்படியே பொருத்துவது பொருளற்றது. மேலும், நலிவுற்ற நிறுவனத்துக்கு விளக்க வேண்டியவை அதிகம் என்பதால் அதன் அறிக்கை நீள்வதில் இயல்பான காரணமும் இருக்கலாம். கடினம் எல்லாம் மறைப்பு என்று சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை.

சொற்களின் தொனியை அளப்பதிலும் இப்படி ஒரு படிப்பினை கிடைத்தது. பொதுப் பயன்பாட்டுக்காகத் தொகுக்கப்பட்ட எதிர்மறைச் சொற்பட்டியலைக் கொண்டு நிதி அறிக்கைகளை அளந்தபோது, எதிர்மறை என்று எண்ணப்பட்டவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிதித்துறையில் எதிர்மறையே அல்ல என்று லாஃப்ரன், மெக்டொனால்ட் ஆகிய இருவர் 2011இல் காட்டினார்கள். வரி, செலவு, மூலதனம், பொறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அப்பட்டியலில் இருந்தன. துணைத் தலைவர் என்னும் பதவிப்பெயரின் முதற்சொல் ஆங்கிலத்தில் தீயொழுக்கம் என்றும் பொருள்படுவதால், துணைத் தலைவர்கள் மிகுந்த நிறுவனம் துயரம் மிகுந்ததாகத் தோன்றியது. அவர்கள் நிதித்துறைக்கென்றே புதிய பட்டியலை வெளியிட்டார்கள். பின்னர் நடந்ததுதான் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. கணினிகள் தம் அறிக்கைகளைப் பெருமளவில் பதிவிறக்கி வாசிக்கின்றன என்று அறிந்த நிறுவனங்கள், அப்பட்டியலில் உள்ள எதிர்மறைச் சொற்களைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கியதைப் பிந்தைய ஆய்வு ஒன்று கண்டது. வாசிப்பவர் மனிதராக இருந்தபோது மனிதருக்கேற்பவும், கணினியான பிறகு கணினிக்கேற்பவும் மொழி தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆகவே எந்த அளவுகோலையும் நிரந்தரமாக நம்ப இயலாது.

நடைமுறையில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய கண்டுபிடிப்பு 2020இல் வெளிவந்தது. கோஹன், மல்லாய், நுயென் ஆகிய மூவர் நிறுவனங்களின் அறிக்கைகளை அவற்றின் முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுதோறும் பழைய வாசகங்களையே திரும்ப எழுதுகின்றன. வாசகத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றிய நிறுவனங்களின் பங்குகள், பின்வந்த மாதங்களில், மாற்றாத நிறுவனங்களின் பங்குகளைவிடக் குறைந்த ஆதாயமே தந்தன. மாற்றம் வெளிப்படையாக அறிக்கையிலேயே இருந்தும் சந்தை உடனே அதைக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் அருகருகே வைத்து, எந்தச் சொல் வந்தது, எந்தச் சொல் போனது என்று பார்ப்பதற்குக் கணினி வேண்டியதில்லை.

பதில் 4: பேரேடு

சொல்லெண்ணி அவர்கள் கடைசியாகச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். போன சொல்லைத் தேடுவதுபோலவே போன எண்ணையும் தேடுங்கள். சிறப்பம்சப் பக்கத்தில் சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லாத அளவை எது என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வரைபடங்களிலும் அவ்வாறே. பங்கு ஒன்றுக்கான இலாபம் ஏறிக்கொண்டிருந்தவரை வரைபடமாக இருந்து, இறங்கியவுடன் அட்டவணைக்குள் போய்விட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். செங்குத்து அச்சு சுழியிலிருந்து தொடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுழியில் தொடங்கவேண்டிய அச்சைத் தொண்ணூற்றிலிருந்து தொடங்கினால் சிறு ஏற்றமும் மலையாகத் தெரியும். பட்டை வரைபடத்தில் சுழியைத் தவிர வேறெங்கு தொடங்கினாலும் பட்டைகளின் உயர விகிதம் பொய்யாகிவிடும்.

வரைவுமேசை அவர்களிடம் ஒரு சிறு கருத்து வேறுபாடு. யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆயினும் அறிக்கையில் இறுதியாகக் கையெழுத்திடும் இயக்குநர்களுக்கு ஆலையின் பாதித் திறன் வீணாவது தெரியும். தமக்குத் தெரிந்ததைப் பங்குதாரருக்குச் சொல்லாத வாக்கியத்தில் கையெழுத்திடுவது அவர்களின் தேர்வு. அதை நடைமுறையின் குற்றமாக மட்டும் கருத என்னால் இயலவில்லை.

பதில் 5: சிறுபங்காளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வார இறுதி முழுவதும் கடந்த ஐந்து ஆண்டு அறிக்கைகளோடு உட்கார்ந்திருந்தேன், கண்டவற்றைச் சொல்கிறேன்.

ஒருமுறைச் செலவுகள் ஐந்து ஆண்டுகளிலும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டினால், கடைசி ஆண்டின் நிகர இலாபத்தைவிடப் பெரிய தொகை வருகிறது. மூன்றாம் ஆண்டுவரை மென்பொருள் மாற்றத்துக்கான செலவு சாதாரணச் செலவாக இருந்தது; நான்காம் ஆண்டில், 'சரிசெய்யப்பட்ட' இலாபத்தைக் கணக்கிடும்போது நீக்கப்படும் செலவுகளில் அதுவும் சேர்க்கப்பட்டுவிட்டது. வரையறை மாறியதை அடிக்குறிப்பில் ஒரு வரி சொல்கிறது. முந்தைய ஆண்டின் எண்ணை அதற்கேற்ப மாற்றிக் காட்டவில்லை. அந்தச் செலவைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால், 9 விழுக்காடு உயர்வு என்பது சிறு சரிவாக ஆகிறது. நான் பெருமையோடு நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த எண் அது.

போன எண்ணும் கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் சிறப்பம்சப் பக்கத்தின் உச்சியில் இருந்த 'ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான வருவாய்', அதாவது தொழிலில் போட்ட பணத்துக்கு எவ்வளவு இலாபம் என்று காட்டும் விகிதம், மூன்றாம் ஆண்டில் பின்னிணைப்பு அட்டவணைக்குப் போய், அதன்பின் காணவில்லை. வினைமுற்றுகளையும் எண்ணினேன். விளக்கவுரையில் தன்மைப் பன்மையில் முடியும் வாக்கியங்களில் கெட்ட செய்தி சொல்பவை ஒன்றே ஒன்று; ஊழியர்களின் விடுப்பு நாட்களைப் பற்றியது.

பொதுக்குழுக் கூட்டத்தில் இதைக் கேட்க எண்ணுகிறேன். 'அறிக்கையின் வெளிப்படைத்தன்மை குறைந்துவருவது குறித்து நிர்வாகத்தின் கருத்து என்ன?' என்று எழுதிவைத்திருக்கிறேன். போதுமா?

பதில் 6: வரைவுமேசை

போதாது. அந்தக் கேள்விக்கு 'வெளிப்படைத்தன்மையை நிறுவனம் மிகவும் மதிக்கிறது' என்ற விடையை நானே இரண்டு நிமிடத்தில் எழுதிக்கொடுத்துவிடுவேன். அவர்களிடமும் அதை எழுத ஒருவர் இருப்பார். கருத்தைக் கேட்டால் கருத்துத்தான் கிடைக்கும். எண்ணையும் ஆண்டையும் பெயரையும் கேளுங்கள். கேள்வியின் எழுவாய் இயக்குநர் குழுவாக இருக்கட்டும், வினைமுற்று அவர்கள் செய்ததைச் சொல்லட்டும். பேரேடு ஐயா சொன்ன கையெழுத்து விவகாரத்தையும் நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கேள்வியை இப்படி அமைத்துப் பாருங்கள்:

'நான்காம் ஆண்டில் மென்பொருள் மாற்றச் செலவைச் சரிசெய்யப்பட்ட இலாபத்திலிருந்து நீக்க இயக்குநர் குழு எந்தத் தேதியில், யாருடைய பரிந்துரையின் பேரில் முடிவெடுத்தது? பழைய வரையறையின்படி அவ்வாண்டின் எண்ணும் இவ்வாண்டின் எண்ணும் எவ்வளவு? ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான வருவாயைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டீர்களா? கணக்கிட்டிருந்தால் அவ்விரண்டு எண்களையும் இப்போது வாசிப்பீர்களா?'

கூட்டத்துக்கு முன்பே இதை எழுத்து வடிவில் நிறுவனச் செயலருக்கு அனுப்பிவிடுங்கள். கேள்வி அவர்கள் கையில் இருக்கும்போது, எண் இப்போது கைவசம் இல்லை என்று சொல்ல இடமிராது.